மானின் நான்காவது இரைப்பை

முதல் மானை நாங்கள் கண்டது குளத்தின் தென்கரையில், ஒரு மருத மரத்தின் கீழ். பிணைமான். படுத்துக் கிடக்கிறது என்றுதான் தூரத்திலிருந்து நினைத்தோம். கிட்டப் போனபோதும் அது எழும்பவில்லை. காட்டு மான் ஒன்று மனிதர் நெருங்கி வரும்வரை ஓடாமல் கிடப்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கண் எங்களைப் பார்த்தது, காது மட்டும் அசைந்தது. தாடைக்குக் கீழே நீர் கோத்து ஒரு சிறிய பை தொங்குவதுபோல வீங்கியிருந்தது.

என்னோடு வந்தவர் காரைதீவைச் சேர்ந்த மிருக வைத்தியர். என்னைவிட இரண்டொரு வயது மூத்த பெண். மற்றவர்கள் முன்னால் டொக்டர் என்பேன், தனியே இருக்கும்போது அக்கா என்பேன். அவர் குந்தியிருந்து மானின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய உட்புறம் கடதாசி மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"இரத்தமே இல்ல. இண்டைக்குத் தாங்காது," என்றார்.

வெயில் ஏறுவதற்குள் அது செத்துப் போனது. அதுவரை நாங்கள் இருவரும் பக்கத்திலேயே இருந்தோம். கொடுக்க மருந்து இருந்தாலும் அது விழுங்கும் நிலையில் இல்லை. அக்கா தன் சால்வையை நனைத்து அதன் வாயில் வைத்துப் பார்த்தார். அது நக்கவில்லை.

நான் மருதமுனைக்காரி. விலங்கியல் படித்துவிட்டு ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஆய்வு உதவியாளராக இருந்தேன். வேலை என்னவென்றால், காட்டு மிருகங்களின் கழிவில் குடற்புழுக்களின் முட்டையைத் தேடி, எந்தப் புழு என்று அடையாளம் சொல்வது. என்னைப் பெண் கேட்டு வருகிறவர்களிடம் உம்மா, "மகளுக்குக் கம்பஸ்ல வேல" என்பதோடு நிறுத்திக்கொள்வார். மேலும் கேட்டால், "நுணுக்குக்காட்டியில பாக்கிற வேல" என்பார். எதைப் பார்க்கிற வேலை என்று அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. அந்த நாட்களில் இதை அக்காவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அந்த மானை அக்கா அங்கேயே, மரத்தடியில் வைத்துத் திறந்தார். அசைபோடும் மிருகத்துக்கு இரைப்பையில் நான்கு அறைகள். முதல் அறையில் புல் நிறைய இருந்தது. பட்டினியால் சாகவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான்காவது அறையைக் கீறி விரித்தபோது அதன் சுவர் அசைந்தது. நான் கண் கூசுகிறது என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் அத்தனையும் புழு. மெல்லிய நூல்கள், வெள்ளையும் சிவப்பும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு. வெள்ளை நிறம் அதன் முட்டைக் குழாய். சிவப்பு, அது குடித்த இரத்தம். ஹீமோன்கஸ் என்கிற புழு. பாடப் புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன். படத்தில் அது அழகாக இருக்கும்.

நான் போத்தலில் ஸ்பிரிட் ஊற்றி, சாவணத்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டேன். அக்கா மானின் அடிவயிற்றைப் பார்த்தவர் சட்டென்று அந்தப் பக்கத்தை மூடினார். உள்ளே குட்டி இருந்தது. நான் கண்டுவிட்டேன்.

குளம் திருக்கோவிலுக்கு மேற்கே, காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. காட்டுக்கும் வயலுக்கும் நடுவில் சில வருடங்களுக்கு முன் மின்சார யானை வேலி போட்டார்கள். யானை அந்தப் பக்கம், நெல் இந்தப் பக்கம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். வேலி வருவதற்கு முந்திய போகத்தில் அங்கே வயல் காவலுக்குப் போன ஒருவரை யானை அடித்துக் கொன்றிருந்தது. ஆனால் மின்கம்பிக்குக் கீழால் பன்றி நுழைந்தது. வயல் செய்கிற கமக்காரர்கள் பார்த்துவிட்டுக் கீழே முட்கம்பியும் இழுத்துக் கட்டினார்கள். கட்டும்போது ஒரு புள்ளிமான் கூட்டம் இந்தப் பக்கம், குளத்தடியில் நின்றது. யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் மானுக்காக வேலியைப் பிந்திப் போட்டிருக்க மாட்டார்கள்.

அப்படிக் கூட்டம் ஒரு துண்டு நிலத்தில் மாட்டிக்கொண்டது. ஒரு பக்கம் குளம், ஒரு பக்கம் வேலி, மற்றப் பக்கம் சீமெந்து கட்டிய ஆழமான வாய்க்கால். வாய்க்காலுக்கு அப்பால் வயல், வயலில் காவலும் வெடியும். கோடையில் குளம் வற்றும்போது அடிநிலம் பச்சைப் புல் விடும், அப்போது கொஞ்சம் விசாலம் கிடைக்கும். மாரியில் தண்ணீர் ஏறினால் அந்தத் துண்டு இன்னும் சுருங்கிவிடும்.

சாச்சாவின் மாடுகளும் அதே துண்டில்தான் மேய்ந்தன. சாச்சா என்றால் என் வாப்பாவின் தம்பி. வாப்பா மௌத்தான பிறகு எங்கள் வீட்டுக்கு ஆம்பிளை என்று வந்து போகிறவர் அவர் ஒருவர்தான். மருதமுனையில் பிறந்தவர் என்றாலும் தறியும் கடலும் அவருக்குச் சரிவரவில்லை. சின்ன வயதிலேயே மாட்டோடு காட்டுப் பக்கம் போனவர். எங்கள் பக்கத்தில் பெரும்போகம் விதைத்தால் வயல்வெளியில் மாடு நிற்க ஏலாது. பட்டியை மேற்கே மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துக்கொண்டு போய், அறுவடை முடிந்த பின் திரும்ப வேண்டும். அந்த மேய்ச்சல் தரையில் பாதி கரும்பாகிவிட்டது, மீதி வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. சாச்சாவும் இன்னும் சில பட்டிக்காரர்களும் மாடுகளைக் குளத்தடியில் விட்டார்கள். வேறு இடமில்லை.

ஒரு மான் செத்தது ஒரு மானைப் பற்றிய செய்தி மட்டுமே. மற்ற மான்களுக்குள் என்ன இருக்கிறது என்று அறிய அவற்றின் புழுக்கை வேண்டும். காலையில் கூட்டம் மேய்ந்து நகர்ந்த பிறகு அந்த இடத்துக்குப் போய், ஈரம் காயாத புழுக்கையைப் பொறுக்கிப் பைகளில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவேன். ஆய்வுகூடத்தில் அதை நசுக்கி, கட்டியான உப்புக் கரைசலில் கலக்கினால் மண்ணும் நாரும் கீழே போகும், முட்டை மேலே மிதந்து வரும். மேலே வைத்த கண்ணாடித் துண்டில் ஒட்டியதை நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும்.

முட்டை இருந்தது. நான் நினைத்ததைவிட அதிகமாக இருந்தது. ஆனால் அந்தக் குடும்பத்துப் புழுக்கள் எல்லாவற்றின் முட்டையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முட்டையை மட்டும் வைத்து இது இன்ன புழு என்று சொல்ல முடியாது. அதைப் பொரிக்க விட வேண்டும். புழுக்கையை மரத்தூளோடு கலந்து, போத்தலில் ஈரமாக வைத்து, தினம் மூடியைத் திறந்து காற்றுக் காட்டி, முட்டையிலிருந்து வரும் குடம்பிகள், அதாவது புழுக்குஞ்சுகள், வளர்ந்து கண்ணாடிச் சுவரில் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் அவற்றைக் கழுவியெடுத்து, அயடீன் துளி விட்டு, வாலைப் பார்க்க வேண்டும். வால் உறையின் நீளத்திலும் நுனி வளைவிலும்தான் அடையாளம் இருக்கிறது. ஹீமோன்கஸ் என்றால் நுனி வளைந்திருக்கும்.

முதல் தடவை வைத்த போத்தல்கள் எல்லாம் பூஞ்சணம் பிடித்துப் போயின. மின்வெட்டு மோசமாக இருந்த காலம் அது, அறை வெப்பம் ஒரு நிலையில் நிற்கவில்லை. இரண்டாம் தடவை நோன்பு மாதத்தில் வைத்தேன். தாகத்தோடு குனிந்திருந்து கண்ணாடிச் சுவரில் பனிபோலப் படர்ந்திருந்த குடம்பிகளைப் பார்த்தது நினைவிருக்கிறது. வாலைப் பார்த்தேன். வளைந்திருந்தது. இன்னொன்றை வைத்தேன், அதுவும் வளைந்திருந்தது. வேறு ஏதாவது, கொஞ்சம் சாதுவான புழுவாக இருக்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்டே ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். இடைக்கிடை வேறு வால்களும் வந்தன. ஆனால் பெரும்பாலும் அதே வளைவுதான்.

மாட்டையும் பார்க்க வேண்டும் என்று அக்கா சொன்னார். எனக்கும் அது தோன்றியிருந்தது, வாய்விட்டுச் சொல்லத்தான் மனம் வரவில்லை.

நான் பட்டிக்குப் போனபோது சாச்சா ஒரு கன்றுக்கு உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"சாணி எடுக்கவா வந்திரிக்காய்? இவ்வளவு படிச்சிப் போட்டு?" என்று சிரித்தார்.

"ஓம் சாச்சா. மாட்டுக்க என்ன புழு இரிக்கி எண்டு பாக்கணும்."

"எடு மகள், எவ்வளவு வேணுமெண்டாலும் எடு. மெலியுதுகள். தீனி காணாதெண்டுதான் நான் நினைச்ச. புழுவெண்டாலும் புழுதான். பாத்துட்டு மருந்தொண்டு சொல்லு."

அவரே வாளியும் கொண்டுவந்து தந்தார். எந்த மாடு கழிகிறது, எந்த மாடு கன்று போட்டபின் தேறவில்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் பையில் ஒட்டும் துண்டில் இலக்கம் எழுதினேன். அவர் எல்லா மாட்டுக்கும் பெயர் சொன்னார்.

மாட்டிலும் அந்தப் புழு இருந்தது. மானில் பொறுக்கிய புழுக்களையும் மாட்டுச் சாணியில் வளர்த்த குடம்பிகளையும் அக்கா மலைநாட்டிலுள்ள ஓர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பி மரபணுச் சோதனை செய்வித்தார். மானில் இருந்ததும் மாட்டில் இருந்ததும் ஒரே புழு என்று பதில் வந்தது. எதிலிருந்து எதற்குப் போனது என்பதை அந்தச் சோதனை சொல்லாது. ஒரே புல்லை இரண்டும் தின்றன. ஒரே சேற்றில் இரண்டும் நின்றன.

மாடுகளுக்கு அக்கா மருந்து கொடுத்தார். சாச்சா ஒவ்வொன்றின் தலையையும் பிடித்து, வாயைத் திறந்து, ஊற்றவிட்டார். சில மாடுகள் தேறின. மானுக்கு யார் வாயைத் திறப்பது? மருந்து கலந்த உப்புக்கட்டிகளைப் புல்வெளியில் வைத்துப் பார்த்தோம். மான்கள் வந்து மணந்துவிட்டுப் போயின. பன்றிகள் தின்றன. வலை வைத்துப் பிடிப்பது புள்ளிமானுக்குச் சரிவராது, பயத்திலேயே அதன் தசையெல்லாம் இறுகிப் போகும். உரியவர்களிடம் அனுமதி எடுத்து, ஒரே ஒரு பிணைமானை மயக்க ஊசி சுட்டு வீழ்த்தி, அக்கா மருந்து கொடுத்தார். அது எழும்பியது. தள்ளாடி நின்று எங்களைப் பார்த்தது. மெல்ல நடந்து கூட்டத்தோடு சேர்ந்தது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டோம். அடுத்த நாள் காலை போனபோது அது வாய்க்கால் ஓரத்தில் விறைத்துக் கிடந்தது.

அக்கா அதற்குப் பிறகு ஊசி பற்றிக் கதைக்கவில்லை. "பலமுள்ளதுக்குத்தான் நம்மட மருந்து," என்று மட்டும் ஒருநாள் சொன்னார்.

அறிக்கையை நானும் அவரும் சேர்ந்து எழுதினோம். இரண்டு மிருகங்களிலும் ஒரே புழு. இடம் சிறியது, நெரிசல் கூடியது. எல்லா மாடுகளுக்கும் ஒழுங்காக மருந்து கொடுக்க வேண்டும், வேலியில் கீழ்முட்கம்பியை ஓரிடத்திலாவது எடுத்து மான் காட்டுக்குத் திரும்ப வழி விட வேண்டும், மாடுகளுக்கு மேற்கே மேய்ச்சல் தரையில் ஒரு பங்கு திருப்பிக் கிடைக்க வேண்டும் என்று எழுதினோம். மூன்றும் ஒன்றாக நடந்தால்தான் பயன் என்று அக்கா அந்த வரியைத் தன் கையால் சேர்த்தார்.

அதைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. கமக்காரர்கள், உத்தியோகத்தர்கள், பட்டிக்காரர்கள் சார்பில் ஒருவர், நாங்கள் இருவர். யாரும் கெட்டவர்கள் இல்லை. கம்பியை எடுக்க முடியாது என்று சொன்ன கமக்காரரின் மைத்துனரைத்தான் யானை அடித்திருந்தது. அவரிடம் மானைப் பற்றி என்ன சொல்ல முடியும்? மேய்ச்சல் தரை விவகாரம் அந்தக் கூட்டத்தின் அதிகாரத்துக்குள் இல்லை, அது வேறிடத்தில் தீர்க்க வேண்டியது என்றார்கள். அதுவும் உண்மைதான். மிச்சமிருந்தது ஒன்று. மாடுகளால் காட்டு மிருகத்துக்கு நோய், ஆகையால் குளத்தடியிலிருந்து மாடுகளை அகற்ற வேண்டும் என்று முடிவானது.

"மாட்டால எண்டு நாங்க எழுதல்ல," என்று அக்கா எழும்பிச் சொன்னார்.

"ஒரே புழு எண்டு எழுதியிருக்கிறீங்கதானே டொக்டர்," என்று தலைமை தாங்கியவர் மரியாதையாகவே கேட்டார்.

"ஓம், ஆனா..."

"அப்ப ஒண்ட ஒண்டுக்கிட்ட இருந்து பிரிக்கத்தானே வேணும்."

அக்கா இன்னும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே விளக்கினார். கேட்டார்கள். தலையாட்டினார்கள். முடிவு மாறவில்லை.

சாச்சா அஸர் தொழுதுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். உம்மா தேத்தண்ணி வைத்தார். அவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் இருந்தார்.

"மகள், நீ எழுதினதில என்ன இரிக்கி?"

"ரெண்டுக்கும் ஒரே புழு எண்டு இரிக்கி சாச்சா."

"மாட்டுக்க இருந்து மானுக்குப் போன எண்டா?"

"அப்பிடி இல்ல. எதுல இருந்து எதுக்குப் போன எண்டு எங்களுக்கும் தெரியா."

"அப்ப ஏன் மாட்ட மட்டும் போகச் சொல்றாங்க?"

"மாட்டத்தான் சாச்சா போகச் சொல்ல ஏலும்," என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "மெய்தான். மானுக்கிட்டக் கதைக்க ஏலாதே," என்றார். அவர் என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். உம்மாதான் உள்ளேயிருந்து, "பொய் எழுதச் சொல்றயா புள்ளைய?" என்று சத்தமாகக் கேட்டார், யாரும் அப்படிச் சொல்லாதபோதே. சாச்சா, "ச்சே, நான் அதுக்கா வந்த," என்று எழும்பிப் போய்விட்டார்.

மருதமுனையைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அங்கே வீட்டுக்கு வீடு மதில்தான். ஒரு கன்று கட்டக்கூட வளவில் இடம் இல்லை. அவர் சொறிக்கல்முனைப் பக்கம் ஒரு கமக்காரரிடம் இரண்டு பசுக்களையாவது நிறுத்திவைக்கக் கேட்டுப் பார்த்தார். அந்த மனிதருக்கு மனம் இருந்தது, ஆனால் அவருடைய சொந்த மாட்டுக்கே வைக்கோல் காணாத வருடம் அது. மற்றப் பட்டிக்காரர்கள் தங்கள் மாடுகளை எங்கெங்கோ பிரித்துக் கொண்டுபோனார்கள். சாச்சா விற்றார். வாங்க வந்தவர்கள் வளர்க்கிறவர்கள் அல்ல.

லொறி வந்த காலை நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். பலகை வைத்து மாடுகளை ஏற்றும்போது சாச்சா ஒவ்வொன்றின் முதுகிலும் தட்டிவிட்டார், மேயப் போகச் சொல்வதுபோல. அவர் சத்தம் கேட்டால்தான் அவை நடக்கும் என்பதால், ஏற்றுகிறவர்கள் அவரையே கூப்பிடச் சொன்னார்கள். அவரும் கூப்பிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொன்றாக ஏறின. கடைசி மாடு ஏறியபின் பலகையை எடுத்துக் கொடுத்துவிட்டு, வாய்க்காலில் இறங்கி வெகு நேரம் கை கால் கழுவினார்.

மாடுகள் போனபின் குளத்தடியில் புல் உயர்ந்தது. முழங்கால் அளவு, பிறகு இடுப்பளவு. நாங்கள் கொஞ்ச நாள் சந்தோஷப்பட்டோம். மான்களுக்குத் தீனி பெருகிவிட்டது, இனித் தேறும் என்று அக்கா சொன்னார். நானும் நம்பினேன். ஆனால் கட்டையாக மேய்ந்த புல்லில் வெயில் அடி வரை விழும், குடம்பி காய்ந்து சாகும். உயர்ந்த புல்லின் அடியில் ஈரம் நிற்கும். மருந்து குடித்த மாடுகள் மேய்ந்தபோது எத்தனையோ குடம்பிகளையும் சேர்த்து விழுங்கியிருக்கும், அவை அந்த மாடுகளுக்குள்ளேயே அழிந்திருக்கும். இப்போது மான் மட்டுமே. மாரி தொடங்கித் தண்ணீர் ஏற, கூட்டம் அந்த ஈரப் புல்லுக்குள் நெருங்கி நின்றது. இதையெல்லாம் நாங்கள் படித்திருந்தோம். படித்தது எங்களுக்கு நினைவு வந்தது போத்தல்களைப் பார்த்தபிறகு. அந்த மாரியில் வந்த புழுக்கையில், முன்பு பார்த்த எந்த மாதிரியையும்விட முட்டை அதிகமாக இருந்தது.

முதலில் குட்டிகள் போயின. அப்புறம் பிணைமான்கள். தாடைக்குக் கீழே அந்தப் பை தொங்கத் தொடங்கினால் அக்கா அதை எனக்குக் கையால் காட்டுவார், நான் தலையாட்டுவேன். தொலைகாட்டியைத் தருவார், நான் வாங்கமாட்டேன். இறந்தவற்றைத் திறந்து பார்ப்பதும் ஒரு கட்டத்தில் நின்றுபோனது. உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்த பிறகு திறப்பதற்கு ஒன்றுமில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நாங்கள் சாய்ந்தமருதில் சாச்சாவின் மகள் வீட்டில் சாப்பிட்டோம். சாச்சா அப்போது அங்கேதான் இருந்தார். காலையில் எழும்பி, பள்ளிக்குப் போய், வந்து கதிரையில் இருப்பது. எல்லா வருடமும் குர்பானுக்கு அவர் பட்டியிலிருந்துதான் மாடு வரும். அந்த வருடம் வேறெங்கோ இருந்து வந்த இறைச்சியை அவர் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, சோற்றை மட்டும் சாப்பிட்டதைக் கண்டேன்.

கை கழுவப் போனபோது என்னிடம் வந்தார்.

"மான் எப்பிடி மகள்? இப்ப நல்லா இரிக்கா?"

அவர் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்லலாம் போலத்தான் இருந்தது. ஆனால் மாட்டைப் பற்றி உண்மையைச் சொன்னவள் மானைப் பற்றி மட்டும் எப்படிப் பொய் சொல்வேன்?

"நல்லா இல்ல சாச்சா. கனக்கச் செத்திட்டு."

"மாடு போன பிறகுமா?"

"ஓம்."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை மூடினார். "அப்ப என்னத்துக்கு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். தோளில் கிடந்த துவாயை எடுத்து எனக்குக் கை துடைக்கத் தந்தார். பிறகு போய்த் தன் கதிரையில் இருந்தார். இன்றுவரை அவர் என்னிடம் மானைப் பற்றியோ மாட்டைப் பற்றியோ கதைத்ததில்லை. என் தலையைத் தடவுவார், சாப்பிட்டாயா என்று கேட்பார்.

அந்த ஆய்வை நான் ஒரு மாநாட்டில் வாசித்தேன். குளிரூட்டிய மண்டபம். புழுவின் வால் படம் திரையில் பெரிதாக விழுந்தது. அடையாளம் காணும் முறை சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். உறையின் நீளத்தை எந்தப் புள்ளியிலிருந்து அளந்தேன் என்று ஒருவர் கேட்டார், சொன்னேன். அந்தக் கூட்டம் இப்போது எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்பார்களென்று பயந்துகொண்டே நின்றேன். யாரும் கேட்கவில்லை. இறங்கி வந்து கதிரையில் இருந்தபோது, கேட்காமல் விட்டதும் எனக்குத் தாங்கவில்லை.

கடைசியில் ஒரு கலைமான் மட்டும் மிஞ்சியது. அதன் முட்கம்பிக் காயம் ஒன்றைப் பார்த்து அடையாளம் தெரியும். தனியே நின்று மேயும். எதிர்ப்பக்கக் காட்டில் மான்கள் குரல் கொடுத்தால் வேலி வரை போய் நிற்கும். பதில் கொடுக்காது. ஒரு நாள் அதைக் காணவில்லை. குளத்தடி முழுக்கத் தேடினோம், எலும்பும் கிடைக்கவில்லை.

"வேலியத் தாண்டிப் போயிருக்கும்," என்றார் அக்கா.

"ஓம் அக்கா, போயிருக்கும்," என்றேன்.

இருவரும் மோட்டார் சைக்கிள் நிறுத்திய இடத்துக்கு நடந்தோம். அதற்குப் பிறகு வந்த போகத்தில் அந்தத் துண்டையும் யாரோ உழுது விதைத்திருந்தார்கள். இப்போது அங்கே நெல் நல்லாய் விளைகிறது என்று கேள்வி.

அக்காவுக்கு வேறு மாவட்டத்துக்கு இடமாற்றம் கிடைத்தது. நான் அதே ஆய்வுகூடத்தில்தான் இருக்கிறேன். கல்யாணப் பேச்சுகள் தானாக நின்றுவிட்டன, உம்மாவும் இப்போது யாருக்கும் என் வேலையை விளக்க வேண்டியதில்லை. காலையில் கல்முனைக்குப் போய் பஸ் எடுக்கிறேன், பின்னேரம் திரும்புகிறேன். இடைக்கிடை, போத்தல் மூடியைத் திறந்து காற்றுக் காட்டும்போது, இதை ஏன் செய்கிறேன் என்று கை நின்றுவிடும். கொஞ்சம் பொறுத்து மறுபடி செய்யும்.

போன மாதம் வேறொரு குளத்தடியிலிருந்து புழுக்கை வந்தது. அங்கேயும் வேலி போட்டிருக்கிறார்களாம், மான் மெலிந்து போகிறதாம். பொதியைக் கொண்டுவந்தவர், அங்கே மேய்க்கிற பட்டிக்காரர்கள் மிகவும் ஒத்துழைத்தார்கள், தாங்களே மாட்டுச் சாணியும் எடுத்துத் தந்தார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் நன்றி சொல்லி வாங்கி வைத்தேன். முறைப்படி எல்லாம் செய்தேன். குடம்பிகள் ஏறின. வால்களைப் பார்த்தேன்.

அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவர் எங்கோ ஒரு பண்ணையில் நின்றார், பின்னால் கோழிகளின் சத்தம் கேட்டது.

"அதேதான் அக்கா," என்றேன்.

"மாடும் நிக்குதா அங்க?" என்று கேட்டார்.

"நிக்குது."

"என்ன செய்யப் போறீங்க?"

"எழுதத்தானே வேணும்."

"ஓம்," என்றார். "எழுதத்தான் வேணும்."

கோழிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், அவர் போனை வைத்தார். நான் அடுத்த கண்ணாடித் துண்டை எடுத்து வைத்தேன்.